சைக்கிள் சீட்டும் பாலிதீன் கவரும்

ஓர் ஊரில் புத்தம் புது சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் சீட்டுக்கு மேல் ஒரு பாலிதீன் கவர். கடையில் மாட்டிக் கொடுத்தது. வாங்கி இரண்டு மாதமாகியும் யாரும் அதைப் பிரிக்கவில்லை. அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் கவர், சோபாவுக்கும் கவர். வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் தலைக்கு மட்டும்தான் கவர் இல்லை. அதுவும் அளவு கிடைக்காததால்தான்.

சைக்கிளை ஓட்டியவர் அவர் மனைவி மரகதவல்லி. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். நாற்பத்து நாலு வயதில் சைக்கிள் பழகி, முதலில் தெருமுனை, அப்புறம் தண்ணீர் டேங்க், அப்புறம் மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் டீக்கடை என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறியிருந்தார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்குச் சைக்கிளிலேயே போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் டீக்கடையைத் தாண்ட முடியவில்லை. அதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் நீ டீக்கடையோட திரும்பி வந்தேன்னு வை, இதை மொட்டைமாடில நிறுத்தி ஈரத்துணி காயப் போட்டுடுவேன்," என்று சௌந்தரபாண்டியன் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி சைக்கிளின் பாகங்கள் கூடிப் பேசின.

"பக்கத்து வீட்டு டிரெட்மில்லைப் பாத்தீங்களா? மூணு வருஷமா போர்வை சுமக்குது," என்றது பெல்.

"எல்லாம் இந்தச் செயினால வந்த வினை," என்றது பெடல்.

"வாயை மூடு. டயர்ல காத்து கம்மி," என்றது செயின்.

"அந்தம்மாவுக்கு வயசாச்சு, அதைச் சொல்லுங்க," என்றது டயர்.

சீட் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னது. "அவங்க உக்காந்தா வழுக்குது. முன்னாடி சறுக்கறதும் பின்னாடி நகர்றதுமா பாதித் தெம்பு போயிடுது. கவரண்ணே, நீங்க கொஞ்சம் இறங்கிக்கிட்டா என்ன?"

கவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றி கெட்டவனே. நான் இல்லேன்னா உன் மேல தூசி படும், வேர்வை படும். உன்னைப் புதுசா வச்சிருக்கறதே நான்தான்."

"புதுசா இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"புதுசா இருக்கறதே ஒரு வேலைதான்டா."

சொல்லிவிட்டுக் கவர் சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏற ஏறக் கவர் இன்னும் வழுக்கியது. டீக்கடை வாசலில் மரகதவல்லி சறுக்கிய சறுக்கலில் வடைத் தட்டின் மேலேயே போய்ச் சாய்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னால முடியல. துணி காயப் போடத்தான் இது லாயக்கு," என்றார்.

கடைக்காரம்மா செண்பகம் வடைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "ஏங்க்கா, அந்தக் கவரைப் பிரிச்சுட்டு உக்காந்தா என்ன?"

"அவர் திட்டுவாரு. புதுசு போயிடும்பாரு."

"ஓட்டறது அவரா, நீங்களா?"

மரகதவல்லி கவரின் ஓரத்தைப் பிடித்தார்.

"வேண்டாம், மோசம் போயிடுவீங்க," என்று கவர் அலறியது.

"கிழிக்காம உருவுங்கக்கா," என்று செண்பகமும் பதறினார். "எங்க புது மிக்ஸிக்குப் போட்டுக்கறேன்."

அப்புறம் சைக்கிள் ஓடியது. சறுக்கல் இல்லை. சீட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரகதவல்லி நாலு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தார், ஒரு மேட்டில் இறங்கித் தள்ளினார், மறுபடி ஏறி மிதித்தார். தங்கை வீட்டு வாசலில் போய் இறங்கியபோது சீட் முழுக்கத் தூசியும் வேர்வையும். வழியில் ஒரு காக்காவும் தன் பங்கைப் போட்டிருந்தது.

மரகதவல்லி வீட்டுக்குப் போன் செய்தார்.

"வந்துட்டேங்க. தங்கச்சி வீட்லேர்ந்துதான் பேசறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து சௌந்தரபாண்டியன் கேட்டார். "கவர் பத்திரமா இருக்கா?"

"புத்தம் புதுசா இருக்கு," என்றார் மரகதவல்லி. "மூணாவது கிலோமீட்டர்லயே உக்காந்திருக்கு."