ஸ்டெப்னிக்கு மூணு டிகிரி

கல்யாண மண்டப முதலாளி ராக்கியண்ணனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். அவருடைய கார் கொஞ்ச நாளாக இடப்பக்கம் இழுத்தது.

"ஏமாத்தாத அலைன்மென்ட் கடையா இன்னிக்கே கண்டுபிடி. தப்பான கடைன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு" என்று டிரைவர் சடையப்பனிடம் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார்.

முதல் கடை முழுக்கக் கண்ணாடி. ஓனர் இளநீரோடு ஓடிவந்தார். சடையப்பன் தலையைச் சொறிந்தான். "ஸ்டெப்னியையும் பார்த்துருங்க. அதுதான் ரொம்ப இழுக்குது."

ஓனர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "ஆமாங்க, மூணு டிகிரி விலகியிருக்கு."

"எனக்கு நேத்தே தோணுச்சு" என்றார் ராக்கியண்ணன், இளநீரை உறிஞ்சியபடி.

"இன்னொரு கடையும் பார்த்துருவோங்க" என்று சடையப்பன் வண்டியைத் தகரக் கூரைக் கடைக்கு ஓட்டினான். அங்கேயும் அதையே சொன்னான். மெக்கானிக் ஸ்டெல்லா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டிக்கியில படுத்துக் கிடக்கிற சக்கரம் எப்படிய்யா இழுக்கும்? எந்தப் புத்திசாலி சொன்னது?"

சடையப்பன் பின்னால் திரும்பினான். "இதுதாங்க நல்ல கடை. நேத்தே தோணுன புத்திசாலி யாருன்னு சொல்லிட்டு, சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பட்டுங்களா?"

பின்சீட்டுக் குரல் மெதுவாக வந்தது. "சாவி உன்கிட்டயே இருக்கட்டும் சாமி."