அம்மாவுக்கு ஒரு அண்ணன்

ஒரு ஊர்ல ஒரு வேனு. வேன் கொள்ளாத சனம். எங்க கிளம்பினாங்க? குலசாமி கோயிலுக்கு, தம்பிப் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்த. ம் சொல்லு, அப்பத்தான் வேன் நகரும்.

ஆங், நகந்துருச்சு, டுர்ர்ருன்னு. சன்னலோரம் உக்காந்திருந்தவதான் பாப்பாவோட அக்கா மாரிச்செல்வி. எட்டு வயசு. ஒண்ணு நெனச்சான்னா நெனச்சதுதான், உன்னைய மாதிரி.

கோயில்ல மொட்டை போட்டாச்சு, சந்தனம் தடவியாச்சு, காது குத்துற ஆசாரியும் வந்தாச்சு. தாய்மாமனைத்தான் காணோம். அவரு பட்டாளத்துல இருக்காரு. லீவு இல்லைன்னுட்டாங்கன்னு காலைலதான் போன் பண்ணினாரு. தாய்மாமன் மடியில வச்சுத்தானே காது குத்தணும்? அப்போ அப்பாவைப் பெத்த தாத்தா, நானே மடியில வச்சுக்கிறேன், இதுக்குப் போய் ஒரு ஆளான்னாரு. மாரிச்செல்வியோட அம்மா உலகம்மா தன் பொறந்த வீட்டுப் பக்கம் ஒருத்தர்கூட இல்லையேன்னு தூணுக்குப் பின்னால போய்க் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. அதை மாரிச்செல்வி பாத்துட்டா. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு அண்ணனைக் கொண்டு வந்தே தீருவேன்னு ஓடினா, தடதடதடன்னு.

மொதல்ல தேங்காக் கடைக்காரரு. வெள்ளிக்கிழமைக் கூட்டம், கடையை யாரு பாப்பான்னுட்டாரு.

அப்புறம் வேன் டிரைவரு. பாவம், கேட்டதும் சந்தோசமா எந்திரிச்சாரு. உங்களுக்கு எது குலசாமின்னு மாரிச்செல்வி கேட்டா. இதே சாமிதாம்மான்னாரு. போச்சு. ஒரே குலசாமின்னா பங்காளி, அப்பாவுக்குத் தம்பி முறை. சித்தப்பா எப்படி மாமாவாக முடியும்?

முழிச்சிருக்கியா? ம்.

அப்புறம் புளியமரத்தடியில ஒரு கறுப்புக் காரு. டொக் டொக். கண்ணாடி சர்ர்ருன்னு எறங்குச்சு. உள்ள தொப்பி போட்ட ஒரு ஆளு மாஸ்க்கைக் கழட்டினாரு. யாரு? வில்லன் நடிகர் வச்சிரவேலு. படத்துல புள்ளைங்களைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போவாரே, அவரேதான். ஷூட்டிங் போற வழியில அவரோட கார் டிரைவர் சாமி கும்பிடப் போயிருக்க, கூட்டத்துக்குப் பயந்து உள்ளயே உக்காந்திருக்காரு. மாரிச்செல்விக்கு ஓடிரலாமான்னு இருந்துச்சு. ஆனா அம்மா மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குதே. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டா.

"உங்களுக்கு எது குலசாமி?"

வடக்க எல்லையம்மன்னாரு அவரு. அப்பாடா, பங்காளி இல்ல. மூச்சு விடாம எல்லாத்தையும் சொல்லி, எங்கம்மாவுக்கு அண்ணனா வாங்கன்னா.

அவரு கையைப் பிசைஞ்சாரு. "என்னைப் பாத்தாலே புள்ளைங்க அழும்மா."

"காது குத்தினா எப்படியும் அழத்தான் போறான். வாங்க, மணியாவுது."

அப்புறம் என்ன, அவ விரலைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய வில்லன் வந்தாரு. தாத்தா வாயைப் பொளந்தாரு. இந்தாம்மா உங்கண்ணன்னு மாரிச்செல்வி சொன்னதும் உலகம்மா பாயை விரிச்சா. அப்புறம், மடியை நல்லா விரிச்சு உக்காருங்கண்ணேன்னா. நறுக். பாப்பா வீல்னு அழுதான். வச்சிரவேலுவும் அழுதாரு, பொலபொலன்னு. ஊரையே நடுங்க வைக்கிற ஆளுக்கு ஊசியைப் பாக்கத் தெம்பில்ல.

மணி பத்து இருபத்தஞ்சு. ராகுகாலம் தொடவே இல்ல.

ஆனா அதுக்குள்ள ஊரே செல்போனைத் தூக்கிட்டு வந்துருச்சு. சார் ஒரு போட்டோ, சார் ஒரு போட்டோன்னு ஒரே தள்ளுமுள்ளு. அவரு பாப்பாவைக் குடுத்துட்டுக் காருக்குப் போகப் பாத்தாரு. உலகம்மா ஒரு தலைவாழை இலையைப் பொத்துனு விரிச்சா. கொஞ்ச நேரத்துக்கு முன்ன தூணுக்குப் பின்னால நின்னவளா அது?

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. எங்கண்ணன் சாப்பிடட்டும்."

கூட்டம் பின்னால நகந்துருச்சு. அவரு உக்காந்தாரு. பொங்கலை வச்சு, நெய்யை ஊத்தினா. அப்போ அவரு போன் அடிச்சுது, கிர்ர் கிர்ர். எங்க சார் இருக்கீங்கன்னு ஷூட்டிங்ல இருந்து கத்துறாங்க.

அவரு இலையைப் பாத்தாரு, உலகம்மாவைப் பாத்தாரு.

"என் தங்கச்சி வீட்டு விசேசம்யா. சாப்பிட்டுத்தான் வருவேன்."

அவ்வளவுதான். அவரு கை கழுவியாச்சு, கதையும் கை கழுவியாச்சு. கண்ணை மூடு.