குதிதுணி பிடிச்ச பதினாறு பேர்

"நூத்திப் பதினேழு வார்த்தையும் முடிச்சாச்சு டீச்சர். இன்னும் எதுக்குக் காக்க வைக்கிறீங்க? ஒரு கையெழுத்துதானே?"ன்னு கேட்டாரு தேவநேசன்.

எப்சிபா டீச்சர் தாளை வாங்கல. வாசல்ல வந்து நின்ன சரக்கு ஆட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

தேவநேசனுக்கு அறுபத்தொரு வயசு. டீச்சருக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அவங்கதான் டீச்சர், இவருதான் சிஷ்யன். கப்பல் கம்பெனில முப்பது வருஷம் இங்கிலீஷ் லெட்டர் எழுதின மனுஷன். ஒரு அடித்தல் இருக்காது, ஒரு திருத்தல் இருக்காது. ரிட்டயர் ஆனப்புறம் ஜெர்மன் படிக்கணும்னு ஆசை வந்துச்சு.

தரங்கம்பாடில ஜெர்மன்னா எப்சிபா வீடுதான். படிக்கிறதெல்லாம் நர்ஸ் புள்ளைங்க. ஜெர்மனி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறதுக்காகப் படிக்குதுங்க. அதுங்களுக்கு நடுவுல இவரு, முதல் பெஞ்சு. நாலு வருஷமா.

எங்க சின்னம்மா மக ஒருத்தியும் அப்படித்தான் போனா. போன புதுசுல போன் பண்ணி, "அக்கா, இங்க காக்கா கூடக் கத்த மாட்டேங்குது"ன்னு ஒரே அழுகை. இப்ப லீவுக்கு வந்தா, "என்னக்கா இந்த ஊர்ல இவ்வளவு சத்தம்"னு காதப் பொத்திக்கிறா. சரி, அது கெடக்கட்டும்.

விஷயம் இதுதான். ஒரு டிரஸ்ட்காரங்க பழைய தீயணைப்புச் சாமான்களுக்கு மியூசியம் வைக்கிறாங்க. நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு மில்லுக்காக ஜெர்மனிலேர்ந்து வந்த சாமான். தோல் வாளி, கைப் பம்பு, எரியுற கூரையப் பிடிச்சு இழுக்கிற நீளக் கொக்கி. அப்புறம் குதிதுணி. மாடில மாட்டிக்கிட்டவங்க குதிக்கிறதுக்காகக் கீழ நின்னு விரிச்சுப் பிடிப்பாங்களே, அது.

கூடவே ஒரு பட்டியலும் இருந்துச்சு, பழைய ஜெர்மன்ல. எந்தச் சாமானுக்கு என்ன பேரு, எதால செஞ்சது, எப்படிப் பிடிக்கணும்னு எல்லாம். அத இங்கிலீஷ்ல எழுதித் தர்ற வேலை தேவநேசனுக்கு வந்துச்சு. டீச்சர் பாத்துக் கையெழுத்துப் போட்டா அச்சுக்குப் போயிரும். அவரு பேரு போட்டு வர்ற முதல் புஸ்தகம்.

கூரைக் கொக்கின்னதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துருது. எங்க தெருக் கடைசில ஒரு குடிசை பத்திக்கிச்சு. அப்பா என்ன பண்ணாரு, எரியாத வீட்டுக்கு ஓடினாரு. பக்கத்து வீட்டு சவேரியார் கூரைய, காய் பறிக்கிற அலக்க மாட்டி இழுத்துத் தள்ளிட்டாரு. தீ அதோட நின்னுச்சு. பதினோரு வருஷம் சவேரியார் அப்பாகூடப் பேசல. "என் வீடு எரியவே இல்லியே"ம்பாரு. சாகப்போறப்பதான் கூப்புட்டு அனுப்புனாரு. என்ன பேசிக்கிட்டாங்கன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லல.

எங்க விட்டேன்? ஆங், சரக்கு ஆட்டோ.

ஞாயித்துக்கிழமை மியூசியம் திறப்பு. அன்னிக்கு ஷெரின்ங்கிற நர்ஸ் புள்ள மாடிலேர்ந்து குதிச்சுக் காட்டணும். பழைய துணி மக்கிப் போயிருந்துச்சு. அதனால தேவநேசன் எழுதின பட்டியலப் பாத்து, காரைக்கால்ல பந்தல் துணி தைக்கிற காசிம் பாய் அதே மாதிரி புதுசு ஒண்ணு தச்சாரு. அதுதான் ஆட்டோவுல வந்து இறங்குச்சு.

"பட்டியல்ல ஏதும் தப்பா டீச்சர்?"

"தெரியலண்ணே."

"படிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரப் போகுது."

"படிச்சா எனக்குத் தெரியாது. மாடிக்கு ஏறுங்க."

"எதுக்கு?"

டீச்சர் அவரு கைலேர்ந்து தாளை வாங்கி, மத்த புள்ளைங்களோட கிளாசுக்கு வந்திருந்த ஷெரின்கிட்ட குடுத்தாங்க.

"நாப்பத்தொண்ணாம் நம்பரச் சத்தமா வாசி. மத்தவங்க துணிய விரிச்சு அதுல இருக்கிறபடி பிடிங்க. அண்ணன் குதிப்பாரு."

புள்ளைங்களுக்குச் சிரிப்புத் தாங்கல.

"அங்கிள், வேட்டிய நல்லாக் கட்டிக்குங்க!"

"கண்ணாடியக் கழட்டிருங்க அங்கிள், எங்க மேல விழுந்துரப் போகுது!"

தேவநேசனும் சிரிச்சுக்கிட்டேதான் ஏறினாரு. மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் மேல ஒரு கால வச்சாரு. இன்னொரு காலையும் வச்சாரு. கீழ பாத்தாரு.

பன்னெண்டு அடி. கீழேர்ந்து பாத்தா ஒண்ணுமில்ல.

ஷெரின் வாசிச்சா. பதினாறு பேரு நிக்கணும். நின்னாங்க. துணி நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும். இருந்துச்சு. ஓரத்துல சுத்தித் தச்ச கயித்தப் பிடிக்கணும். பிடிச்சாங்க. உடம்பப் பின்னால சாச்சு இழுக்கணும். இழுத்தாங்க.

முற்றத்துல சிரிப்பு நின்னுபோச்சு. பதினாறு மூஞ்சியும் அவரையே அண்ணாந்து பாத்துச்சு.

"குதிங்கண்ணே"ன்னாங்க டீச்சர்.

தேவநேசன் அசையல.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அந்த ஓரக் கயிறு."

"அதுக்கென்ன?"

"அது கயிறுதானான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். தோல் வாரா இருக்கலாம். கயித்துக்கு மேல வாரு வச்சுத் தச்சதாவும் இருக்கலாம். மக்கின துணில ஓரமே இல்ல, பாத்துக்க முடியல. வெறும் கயிறுன்னா, ஆளு விழுற வேகத்துல தையல் விட்டுக் கையோட வந்துரும்."

"சந்தேகம்னு தாள்ல இல்லியே."

"முதல்ல எழுதினதுல பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்."

"இதுல எங்க?"

"நல்ல பிரதி எழுதறப்ப அழிச்சுட்டேன்."

"ஏன்?"

கீழ புள்ளைங்க கயித்த இன்னும் இறுக்கிப் பிடிச்சாங்க.

"தெரியாதவன்கிட்ட வேலையக் குடுத்துட்டோம்னு டிரஸ்ட்ல நினைச்சுருவாங்கன்னுதான்."

"எத்தன அழிச்சீங்க?"

"ஒம்பது."

"எது எது?"

விரல் விட்டு எண்ணினாரு. கொக்கி ஒண்ணு. பம்புல ஒரு வால்வு. ஏணில ரெண்டு. இந்தக் கயிறு. அஞ்சோட நின்னுருச்சு. மறுபடி முதல்லேர்ந்து எண்ணினாரு. மறுபடியும் அஞ்சு.

"பழைய தாள்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன் டீச்சர்."

டீச்சர் தலையாட்டினாங்க. கோவப்படல. கோவப்பட்டிருந்தாக் கூட அவருக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

"சரிண்ணே, நீங்க சுவர விட்டு இறங்குங்க. ஷெரின், நீ ஏறு. ஞாயித்துக்கிழம குதிக்கப்போறது நீதானே."

இந்தப் பேச்சு முழுக்க ஷெரின் காதுல விழுந்துச்சு. இருந்தாலும் தாளை மடிச்சுச் சட்டைப் பைல வச்சா. செருப்பக் கழட்டி ஓரமா விட்டா. எங்க ஊர்ப் புள்ளைங்களே அப்படித்தான், ஏதாவது பெரிய காரியம்னா முதல்ல செருப்பக் கழட்டும். படி ஏற ஆரம்பிச்சா.

மேலேர்ந்து இறங்கி வந்த தேவநேசன் பாதிப் படில அவளப் பாத்தாரு.

"எங்கம்மா போற?"

"குதிக்க அங்கிள்."

"நான் சொன்னது கேக்கலியா?"

"கேட்டுச்சு. ஆனா நீங்க எழுதினதாச்சே அங்கிள். நாலு வருஷமா உங்க நோட்டப் பாத்துத்தானே நாங்க எல்லாரும் பாஸ் பண்றோம். நீங்க தப்பா எழுதுவீங்களா? வழி விடுங்க."

அவரு வழி விடல. அப்படியே படில உக்காந்துட்டாரு. குறுகலான மாடிப்படி. அவரு உக்காந்தா ஒரு பூனை கூடத் தாண்ட முடியாது.

"தாளைக் குடு. பேனா வச்சிருக்கியா?"

குடுத்தா.

தாளைத் தொடை மேல விரிச்சு வச்சு, ஒண்ணாம் நம்பர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டாரு. ரெண்டுல போட்டாரு. மூணுல போட்டாரு.

ஷெரின் குனிஞ்சு பாத்தா. "ஒம்பதுன்னுதானே சொன்னீங்க? எல்லாத்துலயும் போடுறீங்க?"

"மிச்ச நாலு எதுன்னு எனக்கே தெரியலியேம்மா."

கண்ணாடியக் கழட்டினாரு, வேட்டி ஓரத்துல துடைச்சாரு, மறுபடி மாட்டிக்கிட்டு நாலாம் நம்பருக்கு வந்தாரு.

முற்றத்துல ஒரு புள்ள, "டீச்சர், கை வலிக்குது, கீழ வச்சுரவா?"ன்னுச்சு.

எப்சிபா டீச்சர் அந்தப் புள்ள பக்கத்துல போயி நின்னாங்க. துணியோட ஓரத்த ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க.

"விட்டுராதீங்க புள்ளைங்களா. அண்ணன் இன்னும் இறங்கல."