தலை குனியாத கூரை

மலையடிவாரத்துச் சாரல்கோட்டையில் மழைக்கும் பஞ்சமில்லை, ராஜா ரணசிங்க பூபதியின் பிடிவாதத்துக்கும் பஞ்சமில்லை. இரண்டும் ஒருநாள் நந்தவனத்தில் முட்டிக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர் அரண்மனைப் புலவர் தெய்வச்சிலைக் கவிராயர்.

நந்தவனத்தில் ஒரு மர மண்டபம் கட்ட ராஜாவுக்கு ஆசை வந்தது. கவிராயர்தான் தன் ஊர் ஆவுடை ஆசாரியைக் கூட்டிவந்து, "இவன் உளி பட்டால் மரம் பேசும்" என்று சிபாரிசு செய்தார். தேக்கில் தூண், தூணில் யாளி என்று வேலை அமர்க்களமாக நடந்தது. கூரைக்கு வந்தபோது ராஜா சொல்லிவிட்டார்:

"சரிவு கிரிவு வேண்டாம். என் மண்டபம் எவனுக்கும் தலை குனியக் கூடாது. தட்டையாக, நிமிர்ந்து நிற்கட்டும்!"

கூரை அப்படியே நின்றது. ஆனிச் சாரல் வந்தது. தண்ணீரும் கூரைமேல் நின்றது. நின்று நின்று அலுத்துப்போய், மெல்லக் கீழே இறங்கிற்று.

முதல் சொட்டு ராஜாவின் மூக்கில். அடுத்தது ராணி நீட்டிய வெற்றிலைச் சுருளில். ராஜா நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் சொட்டிற்று. கழுத்தைக் குறுக்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மூலைக்கு மூலை மாறிப் பார்த்தார். மழை விடாமல் பின்னாலேயே வந்தது.

"யாரங்கே! கூப்பிடு அந்தத் தச்சனை!"

ஆசாரியை முந்திக்கொண்டு வந்து நின்றவர் மராமத்து மணியக்காரர் தீர்த்தாரப்பர். அரண்மனைக் கட்டட வேலைகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. கவிராயரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"நான் என்ன செய்ய, மகாராஜா? ஆள் கவிராயர் சிபாரிசு. மரம் பேசும் என்றார். இப்போது அழுகிறது."

"தள்ளு அவனைச் சிறையில்!" என்றார் ராஜா.

கவிராயர் பதறிப்போனார். "ஒருநாள் தவணை கொடுங்கள் மகாராஜா. ஒழுக்கை நான் நிறுத்துகிறேன்."

மணியக்காரர் முகம் மலர்ந்தது. "தாராளமாக நிறுத்தட்டும். ஆனால் மெழுகு, குங்கிலியம் என்று கண்டதைப் பூசி, தங்கள் மண்டபத்தை அசிங்கப்படுத்தக் கூடாது. ஒரு பலகை, ஓர் ஆணி, ஓர் ஓலை புதிதாகச் சேர்க்கக் கூடாது."

"சரியான பேச்சு!" என்றார் ராஜா. "கவிராயரே, நாளை நான் வரும்போது ஒரு சொட்டு ஒழுகினாலும், ஆசாரியோடு நீரும் உள்ளே உட்கார்ந்து கவி பாடலாம்."

எல்லோரும் போனபின் ஆசாரி அழுதேவிட்டான். "ஐயா, தட்டைக் கூரையில தண்ணி நிக்கும்னு மணியக்காரர்கிட்ட அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். 'நான் ராஜாகிட்டச் சொல்லிட்டேன், நீ கட்டு போ'ன்னு அவர்தான் சொன்னாரு."

ராஜசபையில் கவிராயர் இல்லாத நாள் கிடையாது. மணியக்காரர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதும் கிடையாது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். 'சொட்'டென்று ஒரு துளி கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டவர் திடீரென்று சிரித்தார்.

"ஆவுடை, கட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும்தானே?"

மறுநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. ராணி படியிலேயே குடையோடு நின்றுகொண்டாள். ராஜா தன் குடையைச் சேவகனிடம் கொடுத்துவிட்டுக் கம்பீரமாக மண்டபத்துக்குள் காலை வைத்தார். மறுகணம் தலைப்பாகையிலிருந்து மீசை வரை தொப்பலாக நனைந்துவிட்டார். பின்னால் வந்த மணியக்காரரின் நெற்றிச் சந்தனம் கரைந்து வாய்க்குள் போயிற்று. ஆனாலும் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா! ஒழுகுகிறது! அருவியாக ஒழுகுகிறது!"

கவிராயரும் நனைந்துகொண்டே கைகட்டி நின்றார். "எங்கே ஒழுகுகிறது? இடத்தைக் காட்டச் சொல்லுங்கள் மகாராஜா."

ராஜா அண்ணாந்து பார்த்தார். மேகம் தெரிந்தது.

"கூரை எங்கேயய்யா?"

"அதோ, புல்தரையில் பத்திரமாக இருக்கிறது. கூரை இருந்தால்தானே ஒழுகும்? இது ஒழுக்கு இல்லை மகாராஜா, மழை. எதையும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. சேர்க்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!"

ராணி களுக்கென்று சிரித்துவிட்டாள். ராஜாவின் மீசை கோபத்தில் துடித்தது; அப்புறம் சிரிப்பில் துடித்தது.

"சாமர்த்தியம் சரி. மண்டபம் மொட்டையாக நிற்கிறதே!"

"கூரை தலை குனிய மறுத்தது மகாராஜா. அதனால் நேற்று அதன் கீழே இருந்தவர்களெல்லாம் தலை குனிய வேண்டியதாயிற்று. கொஞ்சம் சரிவு கொடுங்கள். மழைத் தண்ணீரே தங்கள் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகும்."

ராஜா யோசித்தார். "இதை அந்த ஆசாரி அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னான். மணியக்காரரிடம்."

ராஜா திரும்பினார். தீர்த்தாரப்பர் கரைந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டார். "அது... தங்களுக்குக் கோபம் வருமோ என்று... இந்த மழையில் மறந்தும் போய்..."

"மண்டபம் கட்டியது கோடையிலய்யா!"

சரிவுக் கூரை எழும்பியது. ஆசாரி மேலே உட்கார்ந்து பலகை கேட்க, கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தவர் தீர்த்தாரப்பர்தான், ராஜா உத்தரவு. ஆசாரிக்குப் பட்டும் வெள்ளிக் காப்பும் கிடைத்தன.

அடுத்த மழையில் ராஜா காய்ந்த மூக்கோடு மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "கவிராயரே, இனி என் ராஜ்யத்தில் எந்தக் கட்டடமும் ஒழுகாமல் இருக்க என்ன வழி?"

"ரொம்பச் சுலபம் மகாராஜா," என்றார் கவிராயர். "அதிகாரி நன்றாக ஒழுகினால், கூரை ஒழுகாது."

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. ராணி அவர் தலையில் தட்ட, ராஜா இருமிக்கொண்டே தன் கணையாழியைக் கழற்றிக் கவிராயரிடம் நீட்டினார்.