உப்பு நக்கிய மானும் கரடியின் குட்டிக் கடலும்

கடலோரத்தில் போய் முடிகிற ஒரு காட்டில், மலைமேல் ஒரு கரடி இருந்தது. நல்ல மனசுதான். ஆனால் பிறர் சொல்லைக் கேட்கும் காது மட்டும் அதற்குக் கிடையாது.

ஒருநாள் கடற்கரைக்குப் போன கரடி, ஆழமில்லாத நீரில் பவளப்பாறையைப் பார்த்தது. மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்த அதை விட்டு வர மனமில்லை. "இப்படி ஒன்றை என் குகை வாசலில் வைத்தே தீருவேன்" என்றது.

வாசலில் இருந்த பாறைக்குழியில், சுரைக்குடுக்கையால் கடல்நீரைக் கொண்டுவந்து நிரப்பியது. உயிருள்ள பவளக்கற்களை அடுக்கியது. கலங்கிய நீர் தெளியும்வரை பல நாள் காத்திருந்தது. அலை இல்லாவிட்டால் பவளம் வாடுமே என்று காலையும் மாலையும் கையால் நீரை அளைந்துகொடுத்தது. கடைசியாக, வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீனிடம் போய்க் கேட்டது.

"என்னோடு வருகிறாயா, தங்கச்சி? அங்கே சுறா கிடையாது. உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன்."

மீன் அதை நம்பி வந்தது.

மாலையானால் பவளங்கள் விரல் விரித்து ஆடும். மீன் அவற்றின் நடுவே புகுந்து புறப்படும். கரடி தேனைக்கூட மறந்து, தாடையைக் கையில் தாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கோடை வந்தது. குழியில் தினமும் நீர் குறைந்தது. கரடியும் தினமும் கடலுக்கு ஓடி, குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றியது. ஆனாலும் பவளங்கள் சுருங்கின. மீன் கல்லிடுக்கில் ஒதுங்கி மூச்சு வாங்கியது.

"உனக்கு என்னம்மா செய்கிறது?"

"தெரியவில்லை, அண்ணே. உடம்பெல்லாம் எரிகிறது."

கடலுக்கே கொண்டுபோய் விடலாம் என்றால், அந்த வெயிலில் குடுக்கைக்குள் அது வழியிலேயே செத்துவிடும். கரடிக்கு அழுகை வந்தது. "கடல்நீர் போதவில்லை போலும்" என்று மறுபடியும் போய்க் குடுக்கையை நிரப்பிக்கொண்டு வந்தது.

குழியருகே ஒரு புள்ளிமான் நின்றிருந்தது. பயந்த பிராணி, ஆனால் உப்பென்றால் உயிர். கரடி இல்லாத நேரம் பார்த்து வந்து, குழியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததை நக்கிவிட்டுப் போவது அதன் வழக்கம்.

"கரடியண்ணே, கடல்நீரை ஊற்றாதீர்கள். ஓடைத் தண்ணீரை ஊற்றுங்கள்."

"கடல் மீனுக்கு ஓடைத் தண்ணீரா? கொல்லப் பார்க்கிறாயா?" என்று கரடி உறுமியது.

மான் ஓரடி பின்வாங்கியது. ஓடிவிடலாம், ஓடினால் மீன் பிழைக்காது.

"உங்கள் உப்பைத் தின்றவள் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. என்னை நம்ப வேண்டாம், அண்ணே. குடுக்கையில் ஒரு வாய், குழியில் ஒரு வாய் நக்கிப் பாருங்கள்."

கரடி குடுக்கையில் நக்கியது. உப்புக் கரித்தது. குழியில் நக்கியது. முகம் கோணிப்போய், தூவென்று துப்பியது.

"வெயில் தண்ணீரை மட்டும்தான் குடிக்கிறது, அண்ணே. உப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் அதன்மேல் தினமும் இன்னும் உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள்."

கரடி கடல்நீர்க் குடுக்கையை ஓரமாக வைத்தது. இன்னொரு குடுக்கையோடு ஓடைக்கு ஓடியது. திரும்பி வந்து மொத்தத்தையும் கவிழ்க்கப் போனபோது மான் தடுத்தது. "மெதுவாக, அண்ணே. ஒரேயடியாக மாற்றினால் அது தாங்காது."

முதல்முறையாகக் கரடி ஒரு சொல்லைக் கேட்டது. பழைய நீரைக் கொஞ்சம் மொண்டு வெளியே விட்டு, ஓடைநீரைக் கொஞ்சம் ஊற்றியது. சில நாள் இப்படியே செய்தது. ஒரு மாலையில் பவளங்கள் விரல் விரித்தன. மீன் இடுக்கைவிட்டு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

"எரிச்சல் போய்விட்டது, அண்ணே" என்றது.

அப்பாடா என்று கரடி தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு எழுந்து, மிச்சமிருந்த கடல்நீரைத் தட்டையான ஒரு பாறையில் ஊற்றி, மானைக் கூப்பிட்டது.

"காயட்டும். நாளைக்கு வந்து நக்கிக்கொள். இனி ஒளிந்து வர வேண்டாம்."

நீதி: அள்ளி ஊற்றுவது மட்டும் அன்பல்ல, எது குறைந்தது என்று கேட்டறிந்து ஊற்றுவதே அன்பு.