பின் கண்ணாடி

ஹூஸ்டன் நகரில் ஒரு குரு இருந்தார். ஆசிரமம் எல்லாம் கிடையாது. வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஜமக்காளம் விரித்து மிருதங்கம் சொல்லிக்கொடுப்பார். பெயர் அங்கயற்கண்ணி. முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

சீடர்களில் மூத்தவர் சோமசுந்தரம். குருவைவிட ஒரு தலைமுறை பெரியவர். ஆபீசில் கணக்கில் புலி, தாளத்தில் பூனை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர், உட்கார்ந்ததும் மிருதங்கத்தை அடிக்க ஆரம்பித்தார். வாசிக்கவில்லை. அடித்தார்.

"மிருதங்கம் உங்களை ஒண்ணும் சொல்லலையே அண்ணே," என்றார் குரு.

சோமசுந்தரம் கையை எடுத்தார்.

"நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க டீச்சர். தேனுவுக்கு ரெண்டு இடத்துல சீட்டு கெடைச்சிருக்கு. ஒண்ணு லண்டன். உலகத்துக்கே தெரிஞ்ச பேரு. இன்னொண்ணு நெதர்லாந்துல ஏதோ ஒரு ஊரு, வாயில நுழையல. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அவ நெதர்லாந்துக்குத்தான் போவேங்கிறா."

தேனு என்பது அவர் ஒரே மகள் தேனம்மை. ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியை முடிக்கப்போகிறாள்.

"ஏன், இந்த ஊர்லயே காலேஜ் இல்லையா?"

"இங்கயா? யானை விலை குதிரை விலை சொல்றான். வயித்தெரிச்சல் தாங்காமத்தானே கடல் தாண்டித் தேட ஆரம்பிச்சோம்."

"அப்ப லண்டன் மலிவு."

சோமசுந்தரம் மிருதங்கத்தின் வாரைத் தடவிப் பார்த்தார். "இல்ல. வீட்டை வச்சுக் கடன் எடுக்கணும்."

"நெதர்லாந்து?"

"அதை என் சம்பளத்துலயே சமாளிச்சிடலாம்."

"அங்க என்ன படிக்கப் போறா?"

"தண்ணி. வெள்ளம் வந்தா ஊரை எப்படிக் காப்பாத்துறதுன்னு. அதுல அவங்க கெட்டிக்காரங்களாம்."

குருவுக்கு அந்த வீட்டைத் தெரியும். பெருவெள்ளம் வந்த வருஷம் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சின்னப் பெண்ணாக இருந்த தேனம்மை, படகு வரும்வரை அடுப்பு மேடைமேல் ஏறி நின்றாள். தண்ணீர் வடிந்தபின் ஊறிப்போன சுவர்களைப் பெயர்த்துவிட்டு, அப்பா, அம்மா, மகள் மூவருமாகக் கையாலேயே திரும்ப எழுப்பினார்கள். அடகுக்குப் போகவிருந்த வீடு அதுதான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. கோபம் எதுக்கு?"

"கோயில்ல கேக்கறாங்க டீச்சர். நெதர்லாந்தா, அங்க மாடு மேய்க்கவா போறான்னு. வேற எங்கயும் எடம் கெடைக்கலையான்னு. சாப்பாட்டு வரிசையில, அத்தனை பேர் முன்னாடி."

கையில் புளியோதரைத் தட்டு வந்துவிட்டால் சிலருக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஞாபகம் வந்துவிடும். கொழுப்பு, வேறென்ன. அவர்களில் ஒருவராவது ஒரு காசு ஃபீஸ் கட்டப்போகிறாரா?

"அவங்ககிட்ட நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"லண்டன்னு சொல்லிட்டேன்."

"தேனு என்ன சொன்னா?"

"அவ என்கூடப் பேசறதே இல்ல. கார்ல ஸ்டிக்கர் ஒட்டினதுலேருந்து."

அது அந்த நாட்டு வழக்கம். பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்கிறதோ, அதன் பெயரைக் காரின் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள். சேர்ந்தபிறகு ஒட்டுவார்கள். சோமசுந்தரம் சேர்வதற்கு முன்பே லண்டன் பெயரை வரவழைத்து ஒட்டிவிட்டார். கல்யாணம் ஆவதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை.

"உங்க பேச்சுன்னா அவளுக்கு மதிப்பு டீச்சர். லண்டன்தான் சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டுப்பா."

குரு எழுந்தார்.

"கார் சாவியக் குடுங்க."

"பாடம்?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

குரு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சோமசுந்தரம் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இங்க இல்ல. பின்னாடி."

பின் இருக்கையில் தேனம்மையின் ஸ்வெட்டர் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி எப்போதும் முன்னால்தான் உட்காருவார்.

"திரும்பிப் பாருங்க. கண்ணாடியில என்ன எழுதியிருக்கு?"

சோமசுந்தரம் திரும்பினார். அகலமான ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது.

"உள்ளேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது டீச்சர். வெறும் வெள்ளைதான். வெளியில இருக்கறவங்களுக்குத்தான் பேரு தெரியும்."

"அந்த எடத்துல யாரு உக்காருவா?"

"தேனு," என்றார் அவர். குரு வண்டியை எடுத்தார். பெரிய சாலைக்கு வந்ததும் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"நமக்குப் பின்னாடி யாரு நிக்கறா?"

"ஒரு ட்ரக்கு. யாரோ ஒரு ஆளு."

"தெரிஞ்ச ஆளா?"

"இல்ல டீச்சர்."

"என்ன பண்றான்?"

"பர்கர் தின்னுக்கிட்டு ஃபோனைப் பாக்கறான்."

"பேரைப் படிச்சானா?"

சோமசுந்தரம் கொஞ்ச நேரம் பார்த்தார். "தலையையே தூக்கல."

குரு குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவருக்கு அவ்வளவு கோபம் வந்து சோமசுந்தரம் பார்த்ததில்லை.

"இறங்கிப் போய் அவன் கண்ணாடியைத் தட்டுங்க அண்ணே. நீங்களும் உங்க பொண்ணும் கையால எழுப்பின சுவரை அவனுக்காகத்தான் அடகு வைக்கறீங்கன்னு சொல்லுங்க. ஒரு தடவை நிமிர்ந்து பாத்துட்டுத் தின்னச் சொல்லுங்க."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். குரு வண்டியை நகர்த்தவில்லை. அவன் திரும்பவும் நீளமாக அடித்தான்.

"போங்க அண்ணே. உங்களைத்தான் கூப்பிடறான்."

சோமசுந்தரம் மகளின் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.