மூன்றாம் நபர் மரியதாஸ்

ஓரமாக நின்றிருந்த மரியதாஸின் டாக்ஸியைக் காண்டிராக்டர் குழந்தைவேலுவின் சொகுசுக் கார் இடித்து நசுக்கிவிட்டது. மரியதாஸுக்கு அந்த டாக்ஸிதான் பிழைப்பு. காவல் நிலையத்தில் காண்டிராக்டர் சிரித்தார்.

"உங்கிட்ட இருக்கிறது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுந்தானே? அது நீ இடிச்சவனுக்குத்தான் கொடுக்கும். உன் வண்டிக்குச் சல்லிக்காசு தராது. புகார் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா."

"வாஸ்தவந்தானுங்க. ஆனா இடிச்சது நீங்களாச்சே? உங்க பாலிசிக்கு நான்தானுங்களே மூன்றாம் நபர்? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

காண்டிராக்டரின் சிரிப்பு நின்றது. அவருடைய பாலிசி காலாவதியாகி நாலு மாதமாகியிருந்தது.

"அப்போ உங்க கையிலிருந்துதான் வரணுங்க" என்று மரியதாஸ் புகாரில் கையெழுத்துப் போட்டார். "வழக்கு எப்போ சார் முடியும்?"

ஏட்டு ஜன்னலுக்கு வெளியே காட்டினார். வழக்கு முடியக் காத்திருந்த கார்களின் மேல் கோவைக்கொடி படர்ந்து காய்த்திருந்தது.